தட்டிவிட்ட சொம்பும் தாரைத் தண்ணீரும்

என் மகள் நிவேதாவின் நிச்சயதார்த்தத்தன்று, தா.பழூரில் மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில், நாற்பது பேர் பார்க்க, ஒரு சொம்புத் தண்ணீரை வேண்டுமென்றே என் மடியில் கவிழ்த்துக்கொண்டேன். கை தவறிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்படி நினைக்கவேண்டும் என்பதுதான் என் திட்டம்.

மாப்பிள்ளையின் சித்தப்பா பேச்சுக்காரர். தன் கல்யாணத்தன்று மாமனார் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு கடிக்கவே, அதைத் துண்டில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேடை ஏறினாராம். ஐயர் அதை ஏதோ சீர்ப்பொருள் என்று நினைத்து வாங்கிப் பிள்ளையார் பக்கத்தில் வைத்துவிட்டாராம்.

"கடைசி வரைக்கும் நான் வாயைத் தொறக்கலீங்க. அதுக்கும் சேத்து சூடம் காட்டிட்டாரு" என்றார்.

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பின் நடுவில் இடுப்புக்குக் கீழே ஏதோ ஒன்று என் அனுமதி கேட்காமல் கதவைத் திறந்துவிட்டது. நான் கட்டியிருந்தது சந்தனக் கலர் பட்டு. ஈரம் பட்டால் எதிர்வீட்டுக்குத் தெரியும். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. முழங்கையை நீட்டினேன்.

முப்பத்து நான்கு வருடம் வருவாய்த் துறையில் இருந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள் நான். ஒரு தவறை மறைக்க அதைவிடப் பெரிய தவறை அதன் மேல் எப்படிப் போடுவது என்பதைப் பல கோப்புகளில் படித்திருக்கிறேன். செய்து பார்த்தது அன்றுதான்.

மாப்பிள்ளையின் அம்மா கமலம் ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் பின்கட்டிலிருந்து யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

"நல்ல காரியத்துல பொண்ணைப் பெத்தவ சொம்பைக் கவுத்துட்டாளே, இது என்னடி சகுனம்?"

பெரம்பலூருக்குத் திரும்பும் வழியில், காரில் என் கணவரிடம் சொன்னேன்.

"என்னங்க, சொம்பு தானா விழல."

அவர் பெயர் தங்கராசு. குன்னம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். ஊரில் யாருக்கும் பெயர் தெரியாது, 'பி.டி. சார்' என்றால் தெரியும். நான் முழுவதும் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டு வந்தார்.

"எத்தனை வருசமா?"

"ஆறு வருசம் இருக்கும்."

"ஆறு வருசமா என் பக்கத்துல உக்காந்துக்கிட்டு சொல்லலியா, செல்வி?"

"நீங்க கேக்கலியே."

"இதை நான் எப்புடிடி கேப்பேன்?"

நியாயமான கேள்விதான்.

ஆறு வருடம் என்று சொன்னேனே தவிர, அதன் அஸ்திவாரம் இன்னும் பழையது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு வட்டாட்சியர் அலுவலகம். எது என்பது வேண்டாம். அங்கே 'பெண்கள்' என்று எழுதிய ஒரு கதவு இருந்தது. உள்ளே பழைய அடங்கல் கணக்குக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதனால் காலையில் வீட்டில் போனால் அடுத்தது மாலையில் வீட்டில்தான். நடுவில் தண்ணீர் குடிப்பதில்லை. எப்போதாவது கழிப்பறை கிடைத்தால், வந்தாலும் வராவிட்டாலும் போய்விட்டு வருவேன். அடுத்தது எங்கே கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? இதையெல்லாம் நான் கட்டுப்பாடு என்று நினைத்திருந்தேன். சிறுநீர்ப்பை அதை வேறு விதமாகக் குறித்து வைத்திருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு பஸ்ஸில் போவதைக் குறைத்தேன். சிமெண்ட் லாரிகள் ஓடி ஓடிக் குண்டும் குழியுமான சாலையில் ஒவ்வொரு குலுக்கலும் எனக்கு ஒரு தேர்வு. தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். புடவை என்றால் கருப்பு, கரும்பச்சை, மாம்பழத்தை விட அடர்ந்த எந்த நிறமும் சரி. கோயிலுக்குப் போனால் பின்னால் நிற்பேன். யார் முகத்தைச் சுளித்தாலும், என் மேல்தான் வாடை அடிக்கிறது என்று தோன்றும். இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

அடுத்த வாரமே பெரம்பலூரில் ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். காத்திருக்கும் இடத்தில் முப்பது நாற்காலி. எனக்கு டோக்கன் பதினேழு. பதினாறு முடிந்ததும் நர்ஸ் வெளியே வந்து, தேர் இழுக்கிறவர்கள் குரலில் கேட்டார்:

"யூரின் லீக்காவுறவங்க யாரும்மா?"

நான் அசையவில்லை. நிழற்குடையில் உட்கார்ந்து வேறு ஊர் பஸ்ஸுக்காகக் காத்திருப்பவளைப் போலச் சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் இன்னொரு முறை கேட்டார். கணவர்தான் எழுந்து நின்றார்.

"நான்தாங்க" என்றார்.

"சார், இது லேடீஸ் டாக்டர்."

"தெரியும்ங்க. நான் முன்னாடி போறேன், இவங்க பின்னாடி வருவாங்க."

எங்கள் முப்பத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் எனக்கு அவர் செய்த பெரிய மரியாதை அது.

பரிசோதனைகள் எளிமையானவை. சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. போய்விட்டு வந்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்த்தார்கள், மிச்சம் இல்லை. பிறகு வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்து, நிற்க வைத்து, இருமச் சொன்னார்கள். அறுபத்தோரு வயதில், துணை வட்டாட்சியராக இருந்த நான், ஒரு பஞ்சுத் துண்டின் மேல் நின்று கொண்டு இருமினேன்.

"நல்லா இருமுங்கம்மா. வெக்கப்படாதீங்க."

நன்றாக இருமினேன். பரிசோதனை வெற்றி.

மருத்துவர் விளக்கினார். இரண்டு வகை உண்டாம். சிரித்தால், இருமினால், தும்மினால் வயிற்றின் அழுத்தத்தில் கசிவது ஒன்று. தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலோ, வீட்டுப் பூட்டில் சாவியை வைத்தாலோ, அடக்க முடியாமல் முட்டிக்கொண்டு வருவது இன்னொன்று. எனக்கு இரண்டும் சேர்ந்து இருந்தது. அறுவை சிகிச்சையைப் பற்றி இப்போது யோசிக்கவேண்டாம், முதலில் மூன்று மாதம் இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி செய்யுங்கள் என்றார். அதைக் கற்றுக்கொடுக்க அரியலூரில் ஒரு பிசியோதெரபிஸ்ட் இருப்பதாகவும் சொல்லி, ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்தார்.

இங்கேதான் நான் ஒரு தவறு செய்தேன். துண்டுப் பிரசுரத்தைப் படித்ததும் அரியலூர் தேவையில்லை என்று முடிவு செய்தேன். 'தசையை இறுக்கவும், ஐந்து வரை எண்ணவும், தளர்த்தவும், பத்து முறை, தினம் மூன்று வேளை.' இதைவிடச் சிக்கலான அரசாணைகளை நான் நடைமுறைப்படுத்தியிருக்கிறேன்.

ஒரு நீளப் பதிவேடு வாங்கினேன். பக்க எண் போட்டேன். தேதி, வேளை, எண்ணிக்கை, குறிப்பு, சரிபார்த்தவர் கையொப்பம் என்று பத்தி பிரித்தேன். சரிபார்ப்பவர் என் கணவர். அவருக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. ஓய்வு பெற்று மூன்று வருடமாக ஆட்டி வைக்க ஆள் இல்லாமல் இருந்தவர். முதல் நாள் காலையில் விசிலோடு வந்தார்.

"என்னங்க இது?"

"விசில் இல்லாம எப்புடி ஆரம்பிக்கிறது, எப்புடி நிறுத்துறது?"

"தெருவே கேக்கும்."

"கேட்டா என்ன? நீ என்ன பண்றேன்னு வெளில தெரியவா போவுது?"

விசிலைப் பிடுங்கி அலமாரியில் வைத்தேன். குரலைப் பிடுங்க முடியவில்லை. "ஒண்ணேய்! ரெண்டேய்!" என்று அவர் எண்ணும்போது எதிர் மாடியில் படித்துக்கொண்டிருந்த பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆறு வாரம். நாற்பத்திரண்டு நாள். நாளொன்றுக்கு முப்பது. ஆயிரத்து இருநூற்று அறுபது இறுக்கங்கள், ஒன்று கூட விடுபடவில்லை, ஒவ்வொரு வேளைக்கும் கையொப்பம் இருக்கிறது. கசிவு மட்டும் குறையவில்லை. உண்மையைச் சொன்னால் கூடியிருந்தது.

அந்த ஆறாவது வாரத்தில்தான் சம்பந்தி கமலம் பத்திரிகைக்குப் பெயர் கேட்டு பெரம்பலூருக்கு வந்தார். கல்யாணம் தை மாதம், ஜெயங்கொண்டத்தில். காபி குடித்தார். பேச்சை அங்கே இங்கே கொண்டுபோய்விட்டுக் கடைசியில் சொன்னார்:

"சம்பந்தி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. தாரை வாக்கறதுக்கு உங்க நாத்தனாரையும் அவங்க வூட்டுக்காரரையும் விட்டுடலாமா? உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் தாரை வார்ப்பது உண்டு. பெண்ணின் கையைப் பிடித்து அப்பா மாப்பிள்ளையின் கையில் வைப்பார். அம்மா சொம்பிலிருந்து அந்தக் கைகளின் மேல் தண்ணீர் வார்ப்பாள். அந்த நீர் விழுந்தால்தான் பெண்ணைக் கொடுத்ததாகக் கணக்கு. நிவேதா எங்களுக்கு ஒரே பெண். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்தவள்.

"எனக்கு ஒரு சிரமமும் இல்லை" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் இல்ல" என்று எழுந்துகொண்டார்.

சொம்பைக் கவிழ்த்த கை, தாரை வார்க்கக்கூடாது. அவர் சொல்லாமல் சொன்னது இதுதான் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு சான்றிதழை நிராகரிக்கும்போது காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்று விதி இருக்கிறது. சம்பந்திகளுக்கு அது கிடையாது.

அன்று மாலையே வாலிகண்டபுரத்திலிருந்து நாத்தனார் மரகதம் போன் செய்தார்.

"செல்வி, நான் வேணாம்னுதான் சொன்னேன். அவங்க ரொம்பக் கேக்குறாங்க. அரக்குக் கலர்ல ஒரு பட்டு எடுத்திருக்கேன், தாரைக்கு நல்லா இருக்கும்ல?"

போனை வைத்ததும் கணவரிடம் சொன்னேன்: "நாளைக்கு அரியலூர் போறோம்."

அரியலூரில் அது ஒரு சின்ன கிளினிக். மருந்துக் கடைக்கு மேலே மாடி. ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, ஊர் எழுதினேன். 'தொந்தரவு' என்ற பத்திக்கு வந்ததும் பேனா நின்றது. பக்கத்தில் முழங்கால் வலிக்காரர் ஒருவர் என் படிவத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'இடுப்பு வலி' என்று எழுதினேன். பொய்யான விவரம் தந்ததற்காக எத்தனையோ மனுக்களைத் தள்ளுபடி செய்தவள் நான்.

பொய்க்குத் தண்டனை உடனே கிடைத்தது. உதவியாளர் பெண் என்னைக் குப்புறப் படுக்க வைத்து, இல்லாத வலிக்கு இருபது நிமிடம் சுடச்சுட ஒத்தடம் கொடுத்தார். அது முடிந்த பிறகுதான் பிசியோதெரபிஸ்ட் வந்தார். பெயர் ஷபானா. முப்பது வயது இருக்காது. தலையைச் சுற்றிய துப்பட்டாவை ஊசி குத்திச் சரிசெய்துகொண்டு, என் படிவத்தைப் பார்த்தார்.

"வலி எங்க மேடம்? காமிங்க."

"வலி இல்லம்மா."

"இப்போ ஒத்தடம் குடுத்ததுல போயிடுச்சா?"

"வந்தாத்தானே போகும்."

அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இங்க வர்ற பத்து பேர்ல எட்டு பேருக்கு எழுதுறப்போ இடுப்பு வலிதான் மேடம். சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். பதிவேட்டையும் நீட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் முகத்தில் மரியாதை தெரிந்தது என்றுதான் அப்போது நினைத்தேன்.

இடுப்பெலும்புக்குள் முன் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும், தூளி கட்டியதைப் போல ஒரு தசை இருக்கிறதாம். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் அந்தத் தூளியில்தான் படுத்திருக்கின்றன. பிரசவம், வயது, நாள்பட்ட மலச்சிக்கல், கனம் தூக்குவது எல்லாம் சேர்ந்து தூளியைத் தொய்வாக்கிவிடும். அதை மறுபடி இழுத்துக் கட்டுவதுதான் பயிற்சி.

அடிவயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் கருவியை வைத்தார். திரையில் கருப்பாக ஒரு பலூன் தெரிந்தது. அதுதான் என் சிறுநீர்ப்பை. இத்தனை வருடமாக என்னைப் பாடாய்ப் படுத்தியது, பார்க்கச் சாதுவாக இருந்தது.

"இப்போ நீங்க தினம் செய்யிற மாதிரி இறுக்குங்க."

மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, இறுக்கினேன். பலூனின் அடிப்பாகம் நன்றாகக் கீழே இறங்கியது.

"இன்னொரு தடவை."

மறுபடியும் இறங்கியது.

"மேடம், நீங்க இறுக்கல. தள்ளுறீங்க. கக்கூஸ்ல முக்குற மாதிரி கீழ தள்ளுறீங்க. மேல தூக்கணும்."

"ஆறு வாரமா?"

"ஆறு வாரமா தூளியை நீங்களே மிதிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க."

பதிவேட்டில் நூறு சதவிகிதம் நிறைவு, களத்தில் பூஜ்யம். இப்படி முடிந்த எத்தனையோ பணிகளைத் தணிக்கையில் கிழித்திருக்கிறேன். குளம் தூர் வாரியதாகக் கணக்கு இருக்கும். போய்ப் பார்த்தால் குளத்தில் மண் கூடியிருக்கும். வெளியே இருந்த கணவரைக் கூப்பிட்டுச் சொன்னோம். சரிபார்த்தவர் என்ற முறையில் அவருக்கும் பொறுப்பு உண்டு.

"நான் எண்ணிக்கையைத்தான் பாத்தேன். உள்ள போயா பாக்க முடியும்?" என்றார். எந்த விசாரணையிலும் எல்லா மேற்பார்வையாளர்களும் சொல்வது இதுதான்.

பிறகு ஷபானா முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார். முழங்காலை மடக்கிப் படுக்கவேண்டும்.

"சபையில உக்காந்திருக்கீங்க, வாயு வருது. என்ன பண்ணுவீங்க?"

"அடக்குவேன்."

"அந்தச் சதைதான். பின்னாடி ஆரம்பிச்சு முன்னாடி வரைக்கும் மூடி, உள்ளுக்கா மேல தூக்குங்க. வயித்தை எக்காதீங்க. தொடையை இறுக்காதீங்க. மூச்சை விட்டுக்கிட்டே இருக்கணும்."

மூச்சு ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள நானே வாய்விட்டு எண்ணவேண்டுமாம். முதல் நாள் மூன்று எண்ணுவதற்குள் விட்டுப்போனது. ஆனால் திரையில் பலூனின் அடிப்பாகம் மயிரிழை அளவுக்கு மேலே ஏறியதைப் பார்த்தேன். வேறு எந்த முன்னேற்ற அறிக்கையும் எனக்கு அந்த சந்தோஷத்தைத் தந்ததில்லை.

இன்னும் சில உத்தரவுகள் வந்தன. தும்மலோ இருமலோ வரப்போகிறது என்று தெரிந்தால் முதலில் மூடு, பிறகு தும்மு. திடீரென்று முட்டினால் ஓடாதே. ஓடினால் பை இன்னும் கூச்சல் போடும். நின்ற இடத்தில் நின்று, ஐந்தாறு முறை வெடுக் வெடுக்கென்று தூக்கி விடு. அந்த அலை அடங்கிய பிறகு நிதானமாக நடந்து போ. சும்மா முன்னெச்சரிக்கைக்குப் போவதை நிறுத்து. தண்ணீரைக் குறைக்காதே, காபியைக் குறை. பதிவேட்டை மட்டும் அவர் விடவில்லை. அதில் எப்போது போனேன், எவ்வளவு, எங்கே கசிந்தது என்று எழுதி வரச் சொன்னார்.

வாரம் ஒரு முறை அரியலூர். பைக்கில்தான் போவோம். அந்த வழியில் கணவருக்குத் திடீரென்று டீ குடிக்கும் பழக்கம் வந்தது. வாழ்நாளில் டீயைத் தொடாதவர். "எனக்கு டீ வேணும் செல்வி" என்று ஒரு பெட்ரோல் பங்க் பக்கத்தில் நிறுத்துவார். பிறகு ஒரு ஓட்டல் பக்கத்தில். மூன்றாவது வாரம்தான் கவனித்தேன். அவர் நிறுத்திய இடங்கள் எல்லாவற்றிலும் கழிப்பறை இருந்தது. சுத்தமானதா என்று முதல் நாளே தனியாக வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்குத் தெரியாது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்த டீயைக் கஷாயம் போலக் குடிப்பார்.

எட்டாவது வாரத்தில் ஷபானாவிடம் தாரை விஷயத்தைச் சொன்னேன். தண்ணீர் விழும் சத்தம்தான் என் பரம எதிரி. அந்தச் சத்தத்தை நானே, என் கையால், மேடையில் உண்டாக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவேண்டும். ஓமப் புகை வேறு.

"அப்போ அதையே பயிற்சியா வெச்சுக்குங்க மேடம். தினம் தாரை வாருங்க. இன்ஷா அல்லாஹ், தையில பழகிப்போயிருக்கும்."

அதன்படி தினம் நாலு மணிக்குக் கொல்லையில் ஒத்திகை நடந்தது. கணவர் முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் சேர்த்து அதில் ஒரு தேங்காயை ஏந்துவார். நான் நின்றபடி தூளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சொம்பிலிருந்து மெல்லத் தண்ணீர் வார்ப்பேன். அவர் அடிக்குரலில் எண்ணுவார். முதல் வாரம் பாதிச் சொம்பில் ஓடினேன். அடுத்த வாரம் முக்கால் சொம்பு. பிறகு ஒரு குடம்.

பக்கத்து வீட்டு அமுதா மதிலுக்கு மேலிருந்து நாலு நாள் பார்த்திருக்கிறார். ஐந்தாம் நாள் கேட்டார்:

"அக்கா, எந்த ஜோசியர் சொன்னாரு? எங்க வூட்டுக்காரருக்கும் சனி நடக்குது."

"தேங்கா மட்டும் போதும், அமுதா. காசு பணம் ஒண்ணும் வேணாம்" என்றார் என் கணவர். அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக் கொல்லையிலும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எனக்கு அது கூடுதல் பயிற்சியாக அமைந்தது.

மார்கழியில் சம்பந்திக்கு நானே போன் செய்தேன். "தாரை நாங்கதான் வாக்கிறோம்" என்றேன். "உங்களால ஆவும்னா ரொம்ப சந்தோஷம் சம்பந்தி" என்றார். அந்த 'ஆவும்னா' எனக்கு இரண்டு நாள் உறுத்தியது.

கல்யாணத்தன்று நான் எடுத்துக்கட்டியது சந்தனக் கலர் பட்டு. அதே புடவை. நிவேதா பார்த்துவிட்டு, "அம்மா, பச்சையைக் கட்டிக்கயேன்" என்றாள். அவளுக்குத் தெரியும். மூன்று மாதமாக என் அலமாரியில் தடித்த நாப்கின்களை, நான் கேட்காமலே, தீரத்தீர வாங்கி அடுக்கியவள் அவள்தான். "இதுதான்" என்றேன்.

மேடையில் ஐயர் நெய்யை ஊற்ற ஊற்றப் புகை என் பக்கமே வந்தது. மரகதம் அரக்குப் பட்டில், ஒரு ரிசர்வ் ஆட்டக்காரரைப் போல, இரண்டடி பின்னால் தயாராக நின்றார். நிவேதாவின் கையை அவள் அப்பா மாப்பிள்ளையின் கையில் வைத்தார். நான் சொம்பைத் தூக்கினேன்.

தண்ணீர் விழுந்தது. சலசலவென்று என் எதிரி பாடத் தொடங்கியது. அடியில் ஒரு முட்டு முட்டியது. தூக்கினேன். வெடுக், வெடுக், வெடுக். முகத்தில் பெண்ணைக் கொடுக்கும் தாயின் பாவம். பக்கத்தில் கணவரின் உதடுகள் அசைந்தன: "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

அப்போது வீடியோக்காரர் கையை ஆட்டினார். "அம்மா, ஐயரு கை மறைச்சிடுச்சு. இன்னொரு தடவை ஊத்துங்கம்மா. மெதுவா. ரொம்ப மெதுவா."

எந்த அலுவலகத்திலும் ஒரே கோப்பை இரண்டு முறை அனுப்பச் சொல்லும் ஒருவர் இருப்பார். இரண்டாவது சொம்பு வந்தது. மெதுவாக வார்த்தேன். பாதியில் புகை மூக்கில் ஏறியது. தும்மல் வருவது தெரிந்தது. எங்கள் குடும்பத்துக்கே உரிய பெரிய தும்மல். மரகதம் ஒரு அடி முன்னால் வந்தார்.

முதலில் மூடினேன். பிறகு தும்மினேன்.

சொம்பு அசையவில்லை. தண்ணீர் அறுபடாமல் கடைசிச் சொட்டு வரை அந்த மூன்று கைகளின் மேல் விழுந்தது. புடவையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. நிவேதா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் நீர் இருந்தது. ஐயர் மட்டும் தும்மலுக்குப் பரிகாரமாக அட்சதையை இரண்டு மடங்கு போடச் சொன்னார்.

மறுவீட்டுக்குத் தா.பழூர் போனோம். அதே கூடம். பலகாரத்தின் போது வீடியோவைப் பெரிய டி.வி.யில் போட்டார்கள். தாரைக் கட்டத்தில் சித்தப்பா எழுந்து நின்றார்.

"நிறுத்து நிறுத்து. பி.டி. சார் வாயைப் பாருங்க. ஐயருக்கே தெரியாத மந்திரம் ஏதோ ஓடுது. என்ன மந்திரம் சம்பந்தி அது?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

"பழக்க தோசம்ங்க. மாஸ் டிரில்" என்றார்.

போதாதா? சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டி, நெஞ்சை நிமிர்த்தி, "ஒண்ணேய்! ரெண்டேய்! பொண்ணைக் குடு! மூணேய்! திரும்பிப் பாக்காதே!" என்று கூடத்தைச் சுற்றிக் கவாத்து நடந்தார். எல்லோரும் புரண்டு சிரித்தார்கள். நான் மூடிக்கொண்டு சிரித்தேன். எதிரே சம்பந்தி கமலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். திடீரென்று அவர் சிரிப்பு நின்றது. அவர் முழங்கை மெல்ல நீண்டது. பக்கத்தில் இருந்த சொம்பு கவிழ்ந்து, தண்ணீர் முழுவதும் அவர் மடியில் ஓடியது.

"ஐயோ, பாருங்க, கை தவறிடுச்சு" என்றார் எல்லோரிடமும்.

நான் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே கிணற்றடிக்குப் போனேன். புடவையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"எத்தனை வருசமா சம்பந்தி?" என்றேன்.

அவர் மறைக்கவில்லை. "எட்டு வருசம். ஆனா இந்தச் சொம்பு வேலை எனக்குத் தெரியாது. நிச்சயதார்த்தத்தன்னிக்கு நீங்க பண்ணினதைப் பாத்துக் கத்துக்கிட்டதுதான். இதுவரைக்கும் நாலு விசேசத்துல காப்பாத்தியிருக்கு."

கையிலிருந்த துண்டை நீட்டினேன்.

"அன்னிக்கே தெரியுமா?"

"பாத்த உடனே தெரிஞ்சுது. அதனாலதான் தாரைக்கு உங்க நாத்தனாரை விடுவோம்னு சொன்னேன். தண்ணிச் சத்தத்துல நாலு பேர் முன்னாடி நீங்க தவிக்கக் கூடாதுன்னு. எப்புடிச் சொல்றதுன்னு தெரியாம என்னமோ சொல்லிட்டேன்." பிழிவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டு சொம்பு ஊத்துனீங்க. தும்மவும் செஞ்சீங்க. மண்டபத்துல நான் சாமியை வேண்டிக்கிட்டு நின்னேன். எப்புடி?"

மூன்று மாதமாக நான் வஞ்சம் வைத்திருந்த பெண்மணி.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் தா.பழூரிலிருந்து பஸ்ஸில் வந்தார், நாங்கள் பெரம்பலூரிலிருந்து. அரியலூர் மருந்துக் கடை மாடியில் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். கீழே என் கணவர் தனக்குப் பிடிக்காத டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். படிவம் வந்தது. சம்பந்தி அதை என்னிடம் தள்ளினார்.

"நீங்களே எழுதுங்க. ஆபீஸ்ல இருந்தவங்க."

பெயர், வயது, ஊர் எழுதினேன். தொந்தரவு என்ற இடம் வந்தது. அவர் குனிந்து என் காதில், "இடுப்பு வலின்னு போட்ருங்க" என்றார்.

"போட்டா இருபது நிமிசம் ஒத்தடம் குடுப்பாங்க. நான் வாங்கியிருக்கேன்" என்றேன். பக்கத்தில் அதே முழங்கால் வலிக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று எழுதினேன்: 'சிரித்தால், தும்மினால் சிறுநீர் கசிகிறது. எட்டு வருடமாக.'

சம்பந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"ஏன் சம்பந்தி இவ்வளவு பெரிய எழுத்து? கீழ டீக்கடையில இருந்தே படிக்கலாம் போல இருக்கே" என்று சொல்லி, தாங்க முடியாமல் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், பட்டென்று நிறுத்தினார். கை தன்னால் பெஞ்சின் மேல் ஒரு சொம்பைத் தேடியது. அங்கே சொம்பு இல்லை.

"போச்சு" என்றார்.

"போகட்டும்" என்றேன். "எழுதினது சரின்னு ஆயிடுச்சு."